யாரும் செய்யாத காரியம்

வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குள் முதன்முதலாக நுழைந்தது 1900-ல். காமன்ஸ் சபையில் தொடர்ச்சியாக மிக நீண்ட காலம் இருப்பவருக்கு ‘சபையின் தந்தை’ என்று ஒரு பட்டம் உண்டு. சர்ச்சிலுக்கு அது 1959-ல்தான் கிடைத்தது. அதற்கு முன் ஏழு வருஷம் அந்தப் பட்டத்தோடு உட்கார்ந்திருந்தவர் டேவிட் கிரென்ஃபெல், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர், 1922-ல் சபைக்குள் நுழைந்தவர். இருபத்திரண்டு வருஷம் பிந்தி வந்தவர் முந்தி நின்றதற்குக் காரணம் மிகச் சாதாரணம். சர்ச்சில் 1922 தேர்தலில் தோற்றார். 1924-ல் திரும்பி வந்தார். நடுவே விழுந்த இரண்டு வருஷம் அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருஷத்தையும் தின்றுவிட்டது. யுத்தத்தை நடத்திய பிரதம மந்திரி என்பதெல்லாம் இந்தக் கணக்கில் ஏறாது. ஏட்டில் அவர் 1924 ஆசாமி.

பாங்கில் வேலை பார்ப்பவனுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் இதை ‘பிரேக் இன் சர்வீஸ்’ என்போம்.

எங்கள் கிளையில் சென்ற வருஷம் ஹெட் கேஷியர் ஓய்வு பெற்றார். அந்தப் பொறுப்புக்கு மாதாமாதம் தனி அலவன்ஸ் உண்டு. ஸ்ட்ராங் ரூம் சாவிகளில் ஒன்று கைக்கு வரும். ஸீனியாரிட்டி பார்த்தார்கள்; எனக்கு வந்தது. பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் ஒரு பெண்மணியுடையது. அவர் பாங்கில் சேர்ந்தது எனக்கு ஆறு வருஷம் முந்தி. ஆனால் கணவருக்கு டயாலிஸிஸ் என்று ஆன பிறகு, அதற்கு வசதி உள்ள ஊர் வேண்டும் என்று தானே எழுதிக் கொடுத்து மாற்றல் வாங்கி வந்தவர். தானே கேட்டு வருகிறவர் வந்த இடத்தில் கடைசி ஆள். அலவன்ஸ் பதவிகளுக்கு அவருடைய கணக்கு இங்கே வந்து கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கும். காசு எண்ணுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். தேவையும் என்னைவிட அதிகம். மொத்த சர்வீஸும் அதிகம். வரிசை ஒன்றில் மட்டும் நான் முன்னால். உத்தரவு வந்த அன்று மாலை, கல்லாவை மூடும் நேரத்தில், அவர் என்னிடம் சொன்னார்: “ரூல் அப்படி இருக்கு தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க?”

ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தக் காரியத்தைச் செய்தது யார்? மானேஜர் இல்லை; அவர் பட்டியலைப் பார்த்தார். யூனியன் இல்லை, அது என்றோ போட்ட ஒப்பந்தத்தைக் காட்டியது. நான் இல்லை, நான் என் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மனுஷிக்கு ஒன்று மறுக்கப்பட்டிருக்கிறது. மறுத்தவர் யாரும் இல்லை. செய்தவன் இல்லாத செயல் ஒன்று இருக்க முடியுமா?

கவிதைக்கும் விமர்சனத்துக்குமான பத்திரிகையில் இந்தப் புலம்பல் எதற்கு என்று கேட்கலாம். இந்தப் பக்கங்களில் நாம் வருஷக்கணக்காகச் சொல்லிவருவது ஒன்றே ஒன்றுதான்: வயது ஒரு தரம் அல்ல. நாற்பது நாவல் எழுதியவர் என்பதற்காக நாற்பத்தோராவதை வணங்க வேண்டியதில்லை. இருபது வயதுப் பையனின் முதல் கவிதை, அது கவிதையாக இருந்தால், முதல் பக்கத்தில் வரலாம். பொன்னாடைக்கு வரிசை உண்டு, கவிதைக்கு இல்லை. இதை நான் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எழுதுகிறேன். காலை பத்து மணிக்குப் பட்டியலில் என் பெயர் எத்தனையாவது என்று பார்க்கிறேன். விமர்சகன் தரத்தைக் கேட்கிறான். குமாஸ்தா வரிசையைக் கேட்கிறான். இருவரும் ஒரே சட்டையைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இதை வெறும் போலித்தனம் என்று தள்ளிவிட முடியுமானால் நிம்மதி. அப்படி இல்லை என்பதற்கு அமெரிக்கக் காங்கிரஸின் சரித்திரம் சாட்சி.

1903-லிருந்து 1911 வரை அங்கே பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்தவர் ஜோசப் கேனன். எந்தக் கமிட்டியில் யார், எந்தக் கமிட்டிக்கு யார் தலைவர் என்பதையெல்லாம் தீர்மானித்தவர் அவரே. எந்த மசோதா சபைக்கு வரலாம் என்று முடிவு செய்யும் விதிகள் கமிட்டிக்கும் அவரே தலைவர். எதிர்த்துப் பேசிய சொந்தக் கட்சிக்காரர்களை அவர்களுடைய பதவிகளிலிருந்து இறக்கினார். ஸீனியாரிட்டி அப்போதும் ஒரு வழக்கமாக இருந்தது. ஆனால் கேனனுக்கு வேண்டும்போது மட்டும். 1910 மார்ச்சில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஜார்ஜ் நாரிஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கேனனின் கட்சியிலேயே ஒரு பகுதி எதிர்க்கட்சியோடு சேர்ந்து அவரை விதிகள் கமிட்டியிலிருந்து வெளியேற்றியது. அடுத்த வருஷம் கமிட்டிகளை நியமிக்கும் அதிகாரமும் சபாநாயகர் கையைவிட்டுப் போயிற்று.

அதிகாரத்தைப் பறித்தாயிற்று, அதை எங்கே வைப்பது? இன்னொரு மனிதனிடம் கொடுத்தால் அவன் இன்னொரு கேனன். ஆகவே யாரிடமும் கொடுக்கவில்லை, காலண்டரிடம் கொடுத்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில், கமிட்டியில் பெரும்பான்மைக் கட்சியைச் சேர்ந்தவர்களில் தொடர்ந்து அதிக காலம் இருப்பவரே தலைவர் என்பது எழுதாத சட்டமாக இறுகிவிட்டது. கெட்டிக்காரன், முட்டாள், யோக்கியன், அயோக்கியன், எந்த விசாரணையும் இல்லை. இது ஓர் அடிமைத்தனத்திலிருந்து கிடைத்த விடுதலை என்பதை மறந்துவிட்டு ஸீனியாரிட்டியைக் கேலி செய்வது சுலபம். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். பட்டியல் இல்லாத நாட்களில் மானேஜர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் மேலே போனார்கள் என்று பழைய யூனியன்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பட்டியல் வந்த பிறகுதான் குமாஸ்தா நிமிர்ந்து நடந்தான். தன்னை யாரும் எடைபோட மாட்டார்கள் என்ற நிச்சயத்தில் ஒரு கௌரவம் இருக்கிறது. தரம் என்ற சொல்லை விமர்சகனைவிட மானேஜர்கள்தான் அதிகம் நேசிக்கிறார்கள்.

ஆனால் அமெரிக்காவில் அந்தக் காலண்டர் என்ன செய்தது? தெற்கு மாகாணங்களில் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். கறுப்பர்கள் ஓட்டுப் போட முடியாதபடி தலைவரி, எழுத்தறிவுச் சோதனை, அதற்கும் மேல் பயம். மிஸிஸிப்பியில் 1960-களின் தொடக்கத்தில் ஓட்டு உரிமை வயதுள்ள கறுப்பர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரின் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. போட்டி இல்லாத தொகுதியில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவார், வருஷங்கள் சேரும், வருஷங்கள் சேர்ந்தால் கமிட்டித் தலைமை. மிஸிஸிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் இப்படித்தான் 1956-ல் செனட்டின் நீதித்துறைக் கமிட்டிக்குத் தலைவரானார். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே பள்ளியில் படிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1954-ல் தீர்ப்பளித்தபோது அதைப் பகிரங்கமாக எதிர்த்தவர் அவர். சிவில் உரிமை மசோதாக்கள் போய்ச் சேர வேண்டிய இடம் அவருடைய மேஜை. முந்தைய தலைவர் இறந்துபோனார், அடுத்த பெயர் ஈஸ்ட்லண்ட், முடிந்தது. எதிர்த்துப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் அவரை ஆதரித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்கள் பட்டியலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 1978 வரை அந்த நாற்காலியில் அவர் இருந்தார். 1964-ன் சிவில் உரிமை மசோதாவை அவருடைய கமிட்டிக்குள் விடாமல் சுற்றிக்கொண்டு போய்த்தான் செனட் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பிரதிநிதிகள் சபையிலும் இதே நிலைமை. அங்கே 1955 முதல் விதிகள் கமிட்டியின் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித். தனக்குப் பிடிக்காத மசோதா வந்தால் கமிட்டியைக் கூட்டாமல் தன் பண்ணைக்குப் போய்விடுவார் என்று சொல்வார்கள். கேனனின் சாவி காலண்டர் வழியாக அவர் கைக்கு வந்திருந்தது.

நான் பார்க்க விரும்புவது இந்த இடத்தை. எண் குருடு என்கிறோம். எல்லாரையும் ஒரே மாதிரி எண்ணுகிறது என்பதால் அதை நம்புகிறோம். ஆனால் எதை எண்ணுவது, எங்கிருந்து எண்ணுவது என்பதைத் தீர்மானித்தவர்களுக்குக் கண் இருந்தது. ஈஸ்ட்லண்டின் ஒவ்வொரு வருஷத்துக்குள்ளும் ஓட்டுச் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கழித்த பிறகு கிடைத்த எண்ணை வாஷிங்டனில் வாங்கி, வெறும் எண்தானே என்று கூட்டிக்கொண்டார்கள். நம் உத்திரமேரூர்க் குடவோலையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். பராந்தக சோழன் காலத்தில், 921-ல் வெட்டிய கல்வெட்டு அது. அங்கே விதி நேர் எதிர். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவன் மறுபடி வரக்கூடாது. எழுபது வயதுக்கு மேற்பட்டவனும் கூடாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் கையில் பாரபட்சம் இல்லை என்பது உண்மை. ஆனால் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் ஓலைகள் மட்டுமே குடத்துக்குள் போயின. சிறுவன் குனிவதற்கு முன்பே பாதி தேர்தல் முடிந்துவிட்டது.

அப்படியானால் பட்டியலைக் கிழித்துவிடலாமா? கிழிக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு ஒரு மனிதர் போதும். ஆடம் கிளேட்டன் பவல், நியூயார்க்கின் ஹார்லெமிலிருந்து 1945-ல் சபைக்கு வந்த கறுப்பர். உரத்த குரல், ஆடம்பரம், யாருக்கும் பணியாத சுபாவம். சக உறுப்பினர்களிடம் ஓட்டெடுத்திருந்தால் அவரை எந்தக் கமிட்டிக்கும் தலைவராக்கியிருக்க மாட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அவருடைய தொகுதியும் அவரையே திரும்பத் திரும்ப அனுப்பியது. 1961-ல், ஈஸ்ட்லண்டை ஏற்றிய அதே குருட்டு விதி, பவலைக் கல்வி-தொழிலாளர் கமிட்டியின் தலைவராக ஏற்றியது. வறுமை ஒழிப்புச் சட்டமும் 1965-ன் பள்ளிக் கல்விச் சட்டமும் அந்தக் கமிட்டி வழியாக வந்தவை. 1967-ல், பணத்தைத் தவறாகச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டின் பேரில், அவருடைய தலைமையைப் பறித்தார்கள், சபையிலிருந்தே வெளியேற்றினார்கள். குற்றச்சாட்டு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வருஷம், மக்கள் தொகையில் பெரும் பங்கின் ஓட்டைத் திருடிய மாகாணத்திலிருந்து வந்தவர் நீதித்துறைக் கமிட்டியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இவரைத் தராசில் நிறுத்தினார்கள். அவரைக் காலண்டரிடம் விட்டார்கள். 1969-ல் பவல் சபைக்குத் திரும்பினார்; அவரை வெளியேற்றியது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டும் அதே வருஷம் சொன்னது. ஆனால் சபை அவருக்கு இருபத்தையாயிரம் டாலர் அபராதம் போட்டிருந்தது. அவருடைய ஸீனியாரிட்டியையும் அழித்திருந்தது. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட சர்வீஸோடு அவர் கடைசி பெஞ்சில் புதியவராக உட்கார்ந்தார்.

விதிக்கு விலக்கு என்பது முதலில் யார் மேல் விழுகிறது என்று கவனித்தால், அந்த விதி யாருக்காக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

1975-ல் வேறொன்று நடந்தது. வாட்டர்கேட்டுக்குப் பிறகு நடந்த தேர்தலில் ஜெயித்து வந்த எழுபத்தைந்து புதிய ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் பலத்தில், கட்சியின் உறுப்பினர் கூட்டம் மூன்று கமிட்டித் தலைவர்களை ஓட்டுப்போட்டு இறக்கியது. ஒருவர் ராணுவக் கமிட்டியின் எட்வர்ட் ஹேபேர். இரண்டு வருஷம் முன்பு, தன் கமிட்டிக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கும் ஒரு கறுப்பருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி போட்டவர் அவர். அதில் பாதி பாதியாக உட்கார்ந்த கதையை அந்தப் பெண், பாட்ரிஷியா ஷ்ரோடர், பின்னாளில் எழுதியிருக்கிறார். ஹேபேர் போனதில் யாருக்கும் வருத்தம் இருக்க நியாயமில்லை. ஆனால் இறக்கப்பட்ட இன்னொருவர் பாங்கிங் கமிட்டியின் ரைட் பாட்மன், எண்பத்தொரு வயதுக்காரர். வாழ்நாள் முழுவதும் பெரிய பாங்குகளோடு சண்டை போட்டவர். வாட்டர்கேட் பணம் எங்கிருந்து வந்தது என்று 1972-லேயே விசாரிக்க முனைந்து, தன் கமிட்டியாலேயே தடுக்கப்பட்டவர். தராசை எடுத்தவர்கள் முதல் நாளே சரியாக நிறுத்துவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. இருந்தாலும் அன்று ஒன்று மாறியது. ஓட்டுப் போட்டவர்களுக்குப் பெயர் இருந்தது. ‘பாட்மனை இறக்கியது யார்?’ என்று கேட்டால் ‘நாங்கள்’ என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஈஸ்ட்லண்டை ஏற்றியது யார் என்ற கேள்விக்கு அப்படி ஒரு பதில் கிடைக்கவே இல்லை.

நம் ஊரிலும் இந்தக் கணக்கு வந்தது. 2024-ல் புதிய லோக்சபாவுக்குத் தாற்காலிக சபாநாயகர் யார் என்ற கேள்வி. உறுப்பினர்களுக்குப் பிரமாணம் செய்துவைத்து, சபாநாயகர் தேர்தலை நடத்திவிட்டு இறங்கவேண்டிய பதவி. மூத்தவருக்குத் தருவது வழக்கம். கேரளத்தின் கொடிக்குன்னில் சுரேஷ், தலித், எட்டு முறை ஜெயித்தவர். ஒரிஸாவின் பர்த்ருஹரி மஹ்தாப் ஏழு முறை ஜெயித்தவர். மஹ்தாப் நியமிக்கப்பட்டார். சுரேஷ் 1998-லும் 2004-லும் தோற்றவர், மஹ்தாபின் ஏழும் இடைவெளியில்லாத ஏழு என்று அரசாங்கத் தரப்பு விளக்கியது. எதிர்க்கட்சி எட்டு பெரிதா ஏழு பெரிதா என்று கேட்டது. இரண்டும் கணக்குத்தான், இரண்டுக்கும் முன்மாதிரி காட்டலாம். வேறு வேறு கணக்குகள் மேஜையில் இருக்கும்போது ஒன்றைக் கையில் எடுப்பது ஒரு தேர்வு. அதைத் தேர்வு என்று ஒப்புக்கொள்ளாமல், எண் சொல்லியது என்று சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

காமன்ஸ் சபையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. சபாநாயகர் இல்லாத சபையில், புதியவரைத் தேர்ந்தெடுக்கும்போது, நடத்திவைப்பவர் சபையின் குமாஸ்தா. அவர் உறுப்பினர் அல்ல. ஆகவே வாய் திறந்து பேசக்கூடாது. எழுந்து நின்று, பேசவேண்டிய உறுப்பினரை நோக்கி மௌனமாக விரலை நீட்டுவார். 1972-ல் இந்த முறையை மாற்றி, அந்த வேலையைச் சபையின் தந்தையிடம் கொடுத்தார்கள். ஒரு குமாஸ்தாவாக எனக்கு அந்தச் சித்திரத்தில் ரகசியமான ஒரு சந்தோஷம் இருந்தது. பேசாத மனிதன், கையில் அதிகாரம் இல்லை, நீண்டிருக்கும் விரல் மட்டும். இப்போது யோசிக்கும்போது அந்த விரல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பேசாவிட்டாலும் அது ஒருவனுடைய விரல். நீட்டியவன் அவன்.

ஸீனியாரிட்டி வேண்டும் என்றே இன்றும் சொல்வேன். நாளைக்கு யூனியன் கூட்டத்தில் பட்டியலை எடுத்துவிட்டு ‘திறமை’யைக் கொண்டுவரலாம் என்று யாராவது எழுந்தால், எதிர்த்துக் கை தூக்குகிறவர்களில் நானும் இருப்பேன். யார் கையில் தராசு போகும் என்று எனக்குத் தெரியும். அது அந்தப் பெண்மணியிடமும் வராது. ஆனால் பட்டியல் என்பது ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். நீதி செய்யும் வேலையை அது நமக்காகச் செய்துவிடாது. அதை ஒவ்வொரு முறையும் ஒரு கை எடுத்து அமல்படுத்துகிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் உண்டு.

இதை நான் சௌகர்யமாகத் தத்துவம் பேசி முடித்திருக்கலாம். ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால்.

அந்த உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்தது. பொறுப்பை ஏற்க விருப்பமில்லாதவர் ஏழு நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம். அப்போது அது பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். அடுத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஏழு நாளும் அந்த வரியை நான் படித்தேன். வீட்டு வாடகை, தங்கை கல்யாணக் கடன் என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. அவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எட்டாவது நாள் காலை சாவியை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நேரம் ஒன்பது ஐம்பது. அவர் எதிர்க் கவுண்டரில் நோட்டுக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

“நீங்க என்ன பண்ணுவீங்க?” என்ற கேள்விக்கு ஒரு வெள்ளைக் காகிதத்தின் அளவுக்குப் பதில் இருந்தது. அதை நான் எழுதவில்லை.